வண்டி பக்கத்தில் வந்துவிட்டது

ஏப்ரல் 9

அன்புள்ள மேஸ்திரிக்கு,

சின்ன வயதில் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து வேலை வாங்குவாயே, அந்தப் பெயரிலேயே கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதும் கடிதம் இது. பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் படி. நீ சிரித்தும் நாளாகிறது.

நீ போனில் கூப்பிட்டுப் பார்த்திருப்பாய். போன் என்னிடம் இல்லை. கடையில் தலையணை தைக்கிறவருக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்கக் காதில் ஒட்டவைத்திருந்த சாமான் அது. கையில் எடுத்தாலே உங்கள் கம்பெனிப் பாட்டு கேட்கிறது. “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்” என்று ஒரு பெண் சொல்வாளே, அவள் என் காதுக்குள் குடிவந்துவிட்டாள். காலி செய்யச் சொன்னாலும் கேட்கிற மாதிரி இல்லை. ஆகையால் இனிக் கடிதம்தான்.

உன் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. இத்தனை வருஷமாக மெத்தைக் கடையில் நின்று “சும்மா படுத்துப் பாருங்க சார்” என்று ஊரையே படுக்கச் சொன்னவன் நான். நம் வீட்டில் மட்டும் பஞ்சு கட்டி தட்டிப்போன பழைய மெத்தை. இப்போதுதான் முதல் தடவையாக முதலாளியிடம் இரவல் கேட்டு நல்ல மெத்தை ஒன்றை மாடிப்படியேற்றினேன். அதில் படுத்தவுடன் வாடிக்கையாளர்கள் எல்லாம் “ஆகா” என்பார்கள். உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவளிடம் இருப்பதே இப்போது ஒரு வார்த்தைதான்.

“வருது.”

அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றால் “வருது.” முதுகு வலித்தால் “வருது.” என்னைத் திட்டும்போதும் அதே “வருது”தான்; ஆனால் அந்த ராகம் எனக்கு நன்றாகத் தெரியும், திட்டு என்று கண்டுபிடித்துவிடுவேன். பக்கவாதம் வந்தால் சில பேருக்கு இப்படிக் கடைசியாகக் கேட்ட சொல் ஒன்று தங்கிவிடுமாம். டாக்டர் சொன்னார். அன்றைக்கு அவள் காதில் நான் போட்டுக்கொண்டே இருந்த சொல் அது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் “என்னதான் நடந்துச்சு?” என்று கேட்டாய். பதில் கேட்க நிற்கவில்லை. இப்போது சொல்கிறேன். உன் புது வீட்டு ஜன்னலுக்கு உன் அம்மா திரைச்சீலை தைத்து வைத்திருந்தாள். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினாள். பாதி வழியில், மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லாத இடத்தில், நம் வண்டி புகை விட்டு நின்றது. ரேடியேட்டர். நீ வாங்கித் தந்த உறுப்பினர் அட்டையை எடுத்து, வழியில் நின்ற வண்டிக்கு ஆள் அனுப்பும் உங்கள் கம்பெனிக்கு அடித்தேன். போன தடவை பஞ்சருக்கு நான் கத்தியபோது நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? “அப்பா, எங்க ஆளுங்ககிட்ட தன்மையா பேசுங்க. எனக்கு மானம் போகுது. என் பேரையும் எங்கேயும் இழுக்காதீங்க.” அதனால் உன் பெயரை இழுக்கவில்லை. சொந்தக்காரன் போலச் சிரித்துச் சிரித்துப் பேசினேன். அந்தப் பெண்ணும் நன்றாகச் சிரித்தாள். வண்டி வருகிறது என்றாள்.

சாலையோரம் குளிர்பான விளம்பரப் பலகை ஒன்று இருந்தது. அதன் நிழலில் உன் அம்மாவை உட்கார வைத்தேன். நிழல் நகர நகர அவளையும் நகர்த்தினேன். நிழல் பலகையைவிட நீளமான பிறகுதான் வண்டி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ. யார் படியேறினாலும் அவள் கழுத்து வாசல் பக்கம் திரும்புகிறது. பெரும்பாலும் பால்காரர்தான். அவரும் எத்தனை நாளைக்குத்தான் உனக்குப் பதிலாக வருவார்?

உன் அப்பா


ஏப்ரல் 17

அப்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவைப் பற்றிப் படித்தேன். அதற்கு நடுவிலும் உங்களால் பால்காரரை வைத்துத் தமாஷ் பண்ண முடிகிறது. எனக்கு அந்தத் திறமை வரவில்லை.

நீங்கள் பேசிய அத்தனையும் பதிவாகியிருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கேட்டேன். “உங்களுக்கோ கூட இருக்கிறவங்களுக்கோ உடம்பு ஏதாவது சரியில்லையா?” என்று எங்கள் பெண் தெளிவாகக் கேட்கிறாள். நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? “வண்டிக்கும் எனக்கும் மூச்சு வாங்குதும்மா. பெண்டாட்டிக்குக் கோபம் வந்திருக்கு, அதுக்கு உங்க கம்பெனியில ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?” அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பது உங்களுக்குத் தெரியாதா? மாத்திரை போட்டாளா என்று பார்த்தீர்களா? இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, “அவசரமில்ல, நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் கழிச்சு வெளியூர் வந்திருக்கோம், தேன்நிலவுன்னு நெனச்சுக்கறோம்” என்கிறீர்கள். பின்னால் அம்மா ஏதோ சொல்வது கேட்கிறது. நீங்கள் சிரிக்கிறீர்கள்.

ஒரே ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, நீங்கள் ஒழுங்காகப் பேசியிருந்தால் அம்மா இன்றைக்கு நடந்துகொண்டிருப்பாள். வராந்தாவில் இதைத்தான் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

என்னைக் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கு வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். அழைப்புகள் ஓடும் பெரிய திரை முன்னால் நின்று எங்கள் வேலைமுறையை விளக்கிக்கொண்டிருந்தேன். போனை எடுக்கக்கூடிய இடம் இல்லை அது.

இப்போது வர முடியாது. பொறுப்பு கூடியிருக்கிறது.

இன்னொரு விஷயம். உங்கள் பதிவில் முதல் சில அழைப்புகளைப் பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும் என்கிறார் மேலதிகாரி. நீண்ட நேரம் காத்திருந்தும் கோபப்படாத வாடிக்கையாளருக்கு நல்ல உதாரணமாம். நீங்கள் என் அப்பா என்று இங்கே யாருக்கும் தெரியாது. நான் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். பெயர் வராது, குரல் மட்டும்தான்.

மகள்


ஏப்ரல் 26

அன்புள்ள மேஸ்திரிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஒரு கையால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு போட்டது. இந்த வயதில் என் குரலுக்கு ஒரு மவுசு வரும் என்று யார் கண்டது? கடையில் முதலாளியிடம் சொன்னேன். “உம்ம குரலைக் கேட்டு நம்ம கடையில யாரும் மெத்தை வாங்கலையேய்யா, அங்க வாங்குறாங்களா?” என்றார்.

நீ மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். மாத்திரை காலையில் போட்டாள். மதியத்து மாத்திரை உன் வீட்டில் போய்ப் போடலாம் என்று இருந்தோம். என் குரல் பதிவாகியிருக்கிறது, சரி. பதிவாகாத ஒன்று இருக்கிறது, அதைக் கேள்.

மூன்றாவதாகவோ நாலாவதாகவோ நான் கூப்பிட்டபோது, “வண்டி பக்கத்தில் வந்துவிட்டது சார்” என்றாள் அந்தப் பெண். அதை நம்பி, எங்களைப் பார்த்து நிறுத்திய ஒரு வேன்காரரைக்கூட “எங்க வண்டி வருதுங்க, நீங்க போங்க” என்று அனுப்பிவைத்தேன். பெருமையாகச் சொன்னேன். மகள் வேலை செய்யும் கம்பெனி அல்லவா? அப்புறம் உன் அம்மாவிடம் வந்து, “அடுத்த தடவை மாட்டு வண்டியில போவோம், ரேடியேட்டர் கொதிக்காது, வால்தான் ஆடும்” என்றேன். அவள் வாய் ஒரு பக்கமாகப் போனது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் தமாஷுக்குச் சிரிக்காதவள். “அப்பாடா, சிரிச்சுட்டியே” என்று கை தட்டினேன்.

கை தட்டினேன்.

அந்த வாய் அப்புறம் நேராகவே இல்லை. அதற்குப் பிறகு நான் போனில் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. உன் பதிவில் இருக்கும். கத்தினேனா? கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். “வந்துடுச்சு சார், பக்கத்துலதான்” என்றார்கள்.

கடைசியில் வந்த, பழுதான வண்டியை இழுத்துப் போகும் ரெக்கவரி வண்டியின் டிரைவர்தான் அவளைப் பார்த்ததும் நம் வண்டியை அப்படியே போட்டுவிட்டு, அவளைத் தூக்கித் தன் பக்கத்து சீட்டில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். எல்லா டாக்டர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மெத்தைக்காரனும் சொல்வான், முன்னாடியே வாங்கியிருந்தா முதுகு வலிச்சிருக்காதே என்று.

என்மேல் கோபம் இருந்தால் அதையும் கூட எடுத்துக்கொண்டு வா. நான் கடைக்குப் போய்விடுகிறேன். நீ அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம். திரைச்சீலை மடித்து வைத்திருக்கிறது. உன் ஜன்னல் இன்னும் வெறுமையாகத்தானே இருக்கிறது?

உன் அப்பா


மே 6

அப்பா,

சம்மதக் கடிதம் கிடைத்தது. நன்றி. எனக்குப் பதவி உயர்வு உறுதியாகிவிட்டது. இனி அழைப்பு மையம் முழுவதும் என் பொறுப்பில்.

வருவதைப் பற்றி: அம்மாவுக்கு ஆட்களை அடையாளம் தெரிவதே சந்தேகம் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். பால்காரருக்கும் எனக்கும் அவள் ஒரே மாதிரித்தான் திரும்புவாள் என்றால், நான் வந்து யாருக்கு என்ன லாபம்? நான் அழுதுவிட்டுத் திரும்பி, இரண்டு நாள் வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பேன். அதுதான் மிச்சம்.

மெத்தை விரிப்பும் படுக்கைத் துணிகளும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நிதானமாக, மனசு தயாரானதும் வருகிறேன். அவசரப்படுத்தாதீர்கள்.

ஜன்னலுக்கு மடிப்புத் தட்டி போட்டுவிட்டேன். திரைச்சீலை வேண்டாம்.

மகள்


மே 15

அன்புள்ள மேஸ்திரிக்கு,

பதவி உயர்வுக்கு வாழ்த்து. நீ அனுப்பிய துணிகள் நல்ல தரம். தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன், தொழில் புத்தி.

போன வாரம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி. அந்த ரெக்கவரி வண்டி டிரைவர்தான். உன் அம்மாவின் ஒற்றைச் செருப்பு அவர் சீட்டுக்கு அடியில் கிடந்ததாம். துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். செருப்பைக் கட்டில் பக்கத்தில் வைத்தார். உன் அம்மா அவரைப் பார்த்து “வருது” என்றாள். மனிதர் உடைந்துபோய்விட்டார்.

டீ போட்டுக் கொடுத்தேன். “ஏன் சார் நீங்க அன்னிக்குச் சிரிச்சுப் பேசினீங்க?” என்றார். இது என்னடா, எல்லோரும் இதையே கேட்கிறார்கள் என்று நினைத்தேன். “ஏங்க, சிரிச்சா குத்தமா?” என்றேன்.

“குத்தம்தான் சார். எங்க கம்பெனியில சிரிக்கிறவனுக்குப் பச்சை. கத்துறவனுக்குச் சிவப்பு.”

“புரியலையே.”

“பேச்சக் கேட்டே கலர் போடுவாங்க சார். கத்துறவன் நாளைக்குக் கண்ட இடத்துல எழுதுவான், அட்டையத் தூக்கிப் போட்டுட்டு வேற கம்பெனிக்குப் போவான். அவனுக்கு முதல்ல வண்டி. தன்மையா பேசுறவன் காத்துக்கிட்டிருப்பான், அவனுக்குக் கடைசி வண்டி. உங்க வண்டிக்குப் போகச் சொல்லி எனக்குச் சீட்டு வந்தப்ப நான் அப்பத்தான் ஷெட்ல இருந்து கிளம்புறேன். அதுவரைக்கும் ஒரு வண்டியும் உங்களுக்குக் கிளம்பல.”

“பக்கத்துல வந்துடுச்சுன்னாங்களே?”

“பச்சைக்கு அப்படித்தான் சொல்லணும். எழுதியே குடுத்திருக்காங்க.”

“கடைசியில நானும் கத்தினேனே?”

“ஒரு தடவ பச்சை போட்டா அன்னிக்கு முழுக்கப் பச்சைதான் சார். மாத்தணும்னா மேல கேக்கணும். மேல இருக்கறவங்க அன்னிக்கு விருந்தாளிங்களோட இருந்தாங்க.”

நல்ல ஏற்பாடு, யாருக்கு வந்த யோசனை என்று கேட்டேன். “ஒரு மேடம் சார். அதுக்குத்தான் அவங்களுக்குப் புரோமோஷன். பேரு தெரியுமா உங்களுக்கு?” என்றார். தெரியாது என்றேன். என் பெயரை எங்கேயும் இழுக்காதீர்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய் அல்லவா?

அவர் போன பிறகு உன் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பெரிய திரை முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தாய். எனக்கு ஒரு சின்ன ஆசை. அந்தத் திரையில் பச்சையாக ஒரு வரி ரொம்ப நேரமாக அசையாமல் நின்றிருக்குமே, அதை விரலால் தொட்டுக் காட்டினாயா? “பாருங்க, எவ்வளவு நேரமானாலும் சந்தோஷமா இருக்காங்க” என்று சொன்னாயா? சொல்லியிருந்தால் பொய் இல்லை. நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கை தட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு புகாரும் இல்லை. மாடிப்படி ஏறி இறங்கச் சிரமமாக இருப்பதால் இந்த வாரம் வேறு தெருவில் கீழ்த்தளத்தில் ஒரு அறைக்கு மாறுகிறோம். இனிக் கடிதங்களைக் கடை முகவரிக்கு எழுது.

நீ சொன்னபடி நிதானமாகவே வா. இனி அவசரப்படுத்த மாட்டேன்.

உன் அப்பா


மே 22

அப்பா,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

அந்த முறை என்னுடையதுதான். மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை. இருக்கிற வண்டிகள் கொஞ்சம், நிற்கிற வண்டிகள் நிறைய. யாராவது காத்திருந்துதான் ஆக வேண்டும். தாங்கக்கூடியவர்கள் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். நான் செய்யாவிட்டால் வேறு யாராவது வேறு எதையாவது செய்திருப்பார்கள். உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராக இருந்தாலும் சிவப்பு. கடைசியில் கத்தியபோதும் வண்டி எங்கே என்றுதான் கத்தினீர்கள், அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லவில்லை. இதை மறுபடி எழுதுவதற்காக மன்னித்துவிடுங்கள்.

திரையில் எதைத் தொட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

பழைய வீட்டுக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா போன் செய்தார். உங்களை மருந்துக் கடையில் பார்த்தாராம். அம்மாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, விழுங்கச் சிரமப்படுகிறாள் என்று சொன்னீர்களாம். சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். பழைய வீடு பூட்டியிருந்தது. கடைக்கு வந்தேன், நீங்கள் இல்லை. முதலாளி, “அவரு சொல்லாம நான் சொல்லக் கூடாதும்மா” என்று சொல்லிவிட்டார். ஒரு மெத்தைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

புது வீட்டு முகவரியை எழுதுங்கள். உங்களுக்குச் சங்கடம் இல்லாத ஒரு நாளில், நீங்கள் சரி என்று சொன்னால், வந்து பார்க்கிறேன். உங்களைக் கஷ்டப்படுத்துவது என் நோக்கம் இல்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மகள்


மே 29

அன்புள்ள மேடத்துக்கு,

உங்கள் கடிதம் எங்களுக்கு மிக முக்கியம்.

படித்துப் பார்த்தேன். ரொம்ப மரியாதையான கடிதம். கோபம் இல்லை, சத்தம் இல்லை, “சங்கடம் இல்லாத ஒரு நாளில்” என்றெல்லாம் அழகாக எழுதியிருக்கிறாய். எங்கள் கம்பெனியில் நானும் உன் அம்மாவும் மட்டும்தான் வேலை பார்க்கிறோம். கலர் போடுவது நான். குரலைக் கேட்டதுமே போட்டுவிட்டேன். பச்சை.

முகவரி கிளம்பிவிட்டது. வந்துகொண்டே இருக்கிறது. பக்கத்தில்தான்.

நிழல் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள். நிழல் நகர்ந்தால் நீயும் நகர்ந்துகொள்.

உன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். ஸ்பூனால் கொடுப்பதில் பாதி வெளியே வருகிறது. காய்ச்சல் இறங்கி ஏறுகிறது. இந்தத் தெருவில் பால்காரர் இல்லை, கடைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அதனால் படியேறுகிற சத்தம் எதுவும் கிடையாது. இருந்தாலும் கழுத்து வாசல் பக்கமே இருக்கிறது. உன் பேரைச் சொல்லி, “வந்துக்கிட்டிருக்கா” என்றேன். “வருது” என்றாள். இந்தத் தடவை அது கேள்வியா, சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. வெறும் மெத்தைக்காரன்தானே.

எப்போதும் உங்கள் சேவையில்,
அப்பா


ஜூன் 4

அப்பா!

நீ மனுஷனா? நீயெல்லாம் ஒரு அப்பனா? எங்கம்மாவ நான் பாக்கணும். அட்ரஸக் குடு. தமாஷா பண்றே? சாகக் கெடக்கற அம்மாவ வெச்சுக்கிட்டுத் தமாஷா? என்ன வேணா பண்ணு, என்ன அடி, என்னத் துப்பு, மூஞ்சியில முழிக்காதன்னு சொல்லு, ஆனா அவளப் பாக்க விடு. அவ எங்கம்மா. நான் தப்புப் பண்ணினேன். தொட்டுத்தான் காட்டினேன், போதுமா? அந்த வரியத் தொட்டுத்தான் காட்டினேன். அவங்கல்லாம் கை தட்டினாங்க. நீ அங்க கை தட்டினப்ப இங்கயும் தட்டினாங்க. தூக்கம் வரல எனக்கு. வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கத்தறேன்ல? கேக்குதுல்ல உனக்கு? சிவப்புப் போடு. போடுப்பா. கால்ல விழறேன், சிவப்புப் போடு.


ஜூன் 9

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதியதிலேயே நல்ல கடிதம் அதுதான். நேற்று காலையில் கடைக்கு வந்தது. மெத்தை அடுக்குக்கு நடுவில் நின்று படித்தேன். சிவப்பு. யோசிக்கவே இல்லை, உடனே போட்டேன். முகவரியை ஒரு காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு, தபால் தலை ஒட்டி, “இதை இப்பவே பெட்டியில போட்டுட்டு வந்துடறேன்” என்று முதலாளியிடம் சொல்லும்போதுதான் புது அறையை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார்.

ஓடினேன். அவளுக்கு மூச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. வீட்டுக்காரர் தன் போனைக் கொடுத்து, “பொண்ணுக்குச் சொல்லிடுங்க” என்றார். உன் எண் நான் தலையணைக்காரருக்குக் கொடுத்த போனுக்குள் இருக்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு முழுக்க விரல் அடித்து அடித்துப் பழகிய எண். அதை அடித்தேன். பாட்டு வந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றாள் என் காதுக் குடித்தனக்காரி.

இந்தத் தடவை கத்தினேன் மேஸ்திரி. தெருவே திரும்பிப் பார்த்தது. “என் பெண்டாட்டி சாகறா, உங்க மேடத்தைக் கூப்பிடு, நான் அவ அப்பன்” என்று கத்தினேன். “சார், மேடம் பயிற்சி வகுப்புல இருக்காங்க, நீங்க எந்த இடத்துல இருக்கீங்க?” என்றாள் அந்தப் பெண். இடத்தைச் சொன்னேன். உனக்கு அத்தனை நாள் சொல்லாத முகவரியை அவளுக்கு வீட்டு எண், தெரு, முனையில் இருக்கிற சலவைக் கடை வரைக்கும் சொன்னேன். “உடனே வருது சார்” என்றாள். உன் வகுப்பில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று நான் கேட்கவில்லை.

போனைக் கொடுத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “சொல்லிட்டேன், வந்துடுவா” என்றேன். அவள் வாசலைப் பார்த்தாள். அப்போது தெருவில் பெரிய வண்டிச் சத்தம் கேட்டது. வாசலை மறைத்துக்கொண்டு வந்து நின்றது. போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது என்பார்களே, அந்த வேகம். உங்கள் கம்பெனி ரெக்கவரி வண்டி. சிவப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அதே டிரைவர், கையில் கொக்கியோடு உள்ளே எட்டிப் பார்த்து, “எந்த வண்டி சார் நின்னுபோச்சு?” என்றார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கொக்கியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

உன் அம்மா அவரைப் பார்த்தாள். நீ என்று நினைத்தாளா, தெரியாது. வாய் ஒரு பக்கமாகப் போனது. இந்தத் தடவை நான் கை தட்டவில்லை.

ஒரு வார்த்தை இருந்ததே, அதையும் சொல்லவில்லை. அப்படியே போய்விட்டாள்.

உன் எண்ணைத் தேடிக் கடைக்கு ஆள் அனுப்பினேன். தலையணைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் ஆட்களின் எண்ணைப் போட்டு வைத்திருந்தார். உன் கம்பெனிக்கு மறுபடி அடிக்கச் சொன்னேன். டிரைவரும் அடித்தார். “அவர் பொண்ணு உங்க மேடம்தாங்க” என்றார். “இப்ப எல்லாருமே மேடத்துக்குச் சொந்தம்தான் அண்ணே” என்று சிரித்தாளாம் அந்தப் பெண். சாயங்காலம் வரை பார்த்தோம். அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். சுடுகாட்டுக்கு டிரைவரும் முதலாளியும்தான் கூட வந்தார்கள்.

உன்னைக் காக்க வைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். நன்றாகவே செய்தேன், உன்னிடம் கற்றுக்கொண்டது வீண் போகவில்லை. ஆனால் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது நீ இல்லை. அன்றைக்குப் பலகை நிழலில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான், இந்த அறையில் கழுத்தைத் திருப்பி வைத்திருந்ததும் அவள்தான். சிரித்தது நான், எழுதியது நீ. அவள் என்ன நிறம் என்று நாம் இரண்டு பேரும் ஒரு தடவையும் கேட்கவில்லை.

தபால் தலை ஒட்டிய அந்த உறை என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. அதிலேயே இந்தக் கடிதத்தையும் சேர்த்து வைக்கிறேன். முகவரி உள்ளே இருக்கிறது. சலவைக் கடைக்கு எதிர் வீடு. கதவைப் பூட்டுவதில்லை.

மெத்தையை முதலாளி இன்னும் எடுத்துப் போகவில்லை. அவள் தலையும் தோளும் அழுந்திய பள்ளம் அப்படியே இருக்கிறது. இந்த நுரை மெத்தைக்கு ஒரு குணம் உண்டு. ஆள் எழுந்துவிட்டால் மெல்ல மெல்ல மேலே வந்துவிடும். வாடிக்கையாளர்களிடம் அதைத்தான் பெருமையாகச் சொல்லி விற்போம். நேற்றைக்கு இன்றைக்கு ஓரம் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். அது என் கை மாதிரி ஆகிறது, அவள் மாதிரி ஆகவில்லை. விட்டுவிட்டேன்.

அது சமமாவதற்குள் வந்துவிடு. இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க எத்தனை நாளாகும் என்று தபால்காரரைக் கேட்டேன். சீக்கிரம் போய்விடும் என்றார்.

உன் அப்பா